பாம்புக்காதர் கேட்ட இரைச்சல்

என் அக்கா வீட்டுக்காரரைப் பெயர் சொல்லி விசாரித்தால் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. பாம்புக்காதர் என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட கடையைக் காட்டும். ஸ்பீக்கர், ஆம்ப், ஊஃபர் எல்லாம் ரிப்பேர் செய்கிறவர். ஒரு வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "உள்ள ஃபேன் பேரிங் போகப் போகுது, எண்ணெய் விடுங்க" என்பார். ஃபேன் ஓடுவது மூன்றாவது அறையில் இருக்கும்.

அக்கா அவரைக் கட்டிக்கொண்டதே அந்தக் காதுக்காகத்தான். எங்கள் அப்பா தகரப் பட்டறையில் வேலை செய்து முப்பத்தைந்து வயதிலேயே செவிடாகிவிட்டார். அம்மா இல்லை. அக்காவுக்கு அப்போது ஒன்பது வயது. சாப்பிடக் கூப்பிடுவதிலிருந்து மேஸ்திரி வந்திருப்பதைச் சொல்வது வரை எல்லாவற்றையும் அவள்தான் கத்திச் சொல்ல வேண்டும். பதினான்கு வருடம் கத்தினாள். தொண்டை கெட்டு, அடியிலிருந்து கரகரவென்று வருகிற ஆம்பிளைக் குரலாகிவிட்டது. என்னைக் கத்த விட்டதில்லை. "ஒரு தொண்டை போனது போதும், நீ போய்ப் படி" என்பாள்.

ஒருநாள் ரேடியோவைச் சரி செய்ய ஓர் ஆள் வந்தார். கூடத்தில் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். அக்கா அடுப்படியில் வாய்க்குள்ளேயே முணுமுணுத்தாள்: "இந்த மனுஷன் இன்னிக்குக் கிளம்புவானா, இங்கயே குடியிருக்கப் போறானா?"

கூடத்திலிருந்து பதில் வந்தது. "அஞ்சு நிமிஷம்ங்க. திருகு போட்டதும் கிளம்பிடுவேன்."

அக்கா கரண்டியும் கையுமாக அப்படியே நின்றாள். அந்த ஆள் போன பிறகு என்னிடம் சொன்னாள்: "கட்டினா இவரைத்தான் கட்டுவேன். சாகிற வரைக்கும் மெதுவாவே பேசலாம்."

கட்டினாள். இருபத்தாறு வருடம் மெதுவாகவே பேசினாள். அவர்கள் வீட்டில் சண்டைகூட கிசுகிசு என்றுதான் நடக்கும். பக்கத்து வீட்டுக்காரி என்னிடம் குறைப்பட்டுக்கொள்வாள்: "உங்க அக்கா வீட்ல என்ன சண்டைன்னு ஒரு வார்த்தை புரிய மாட்டேங்குதே."

அத்தான் வேலை செய்யும் விதம் தனி. மற்ற மெக்கானிக்குகள் மீட்டரை வைத்துப் பார்ப்பார்கள். அத்தான் மீட்டரே வாங்கியதில்லை. ஊஃபர் என்பது பாட்டில் இருக்கும் அடிவயிற்றுச் சத்தத்தை மட்டும் கொடுக்கிற மரப்பெட்டி. அது ஊமையாகிவிட்டால், அதற்குப் போகும் வயரின் மறுமுனையைக் கழற்றி, நடுவில் ஊசிபோல நீட்டிக்கொண்டிருக்கும் பின்மேல் விரலை வைப்பார். பெட்டி நன்றாக இருந்தால் "ம்ம்ம்" என்று ஒரு முனகல் வரும். வந்தால் கோளாறு வேறெங்கோ, வராவிட்டால் பெட்டிக்குள். முனகலின் தினுசைக் கேட்டே உள்ளே எந்தச் சாமான் போயிருக்கிறது என்றும் சொல்வார். "மீட்டருக்கு பேட்டரி தீர்ந்து போகும். இதுக்குத் தீராது" என்று காதைத் தட்டிக் காட்டுவார்.

போன மழைக்காலத்தில் எங்கள் வீட்டு ஊஃபர் ஊமையாகிப் போனது. என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். லீவு நாளில் பாட்டுப் போட்டு, தரை அதிர அதிரத் தூங்கினால்தான் அவருக்கு லீவு. அன்று காலையில் பாட்டு வந்தது, அதிர்வு வரவில்லை. அத்தானைக் கூப்பிட்டோம்.

வந்தவர் வரிசையாகப் பார்த்தார். பெட்டிக்குப் பின்னால் சின்ன விளக்கு எரிந்தது. ஃப்யூஸைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். உள்ளே கம்பி முழுசாக இருந்தது. சத்தக் குமிழைத் திருப்பினார். டிவியில் வயர் சரியான ஓட்டையில்தான் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். பிறகு ரிமோட்டை எடுத்து டிவிக்குள்ளே எதையோ தேடினார்.

"பாதிப் பேர் இங்கதான் கோட்டை விடுவாங்க. பெட்டி வாங்கி வெச்சிருப்பாங்க, பெட்டி இருக்குன்னு டிவிகிட்ட சொல்லியிருக்க மாட்டாங்க."

"சொல்லித்தான் வெச்சேன் சகல," என்றார் என் வீட்டுக்காரர். "இந்த வீட்ல நான் சொல்றதை மனுஷங்களே கேக்குறதில்ல, டிவி கேக்குமா?"

அத்தான் சிரித்துக்கொண்டே டிவி பக்கத்து வயரைப் பிடுங்கினார். பின்மேல் விரலை வைத்துக் கண்ணை மூடினார்.

"வருது. கும்முனு வருது. பெட்டிக்கு ஒண்ணும் ஆகல. டிவிலதான் கோளாறு."

"எங்க வருது?"

"இதோ, ம்ம்ம்னு வருதே."

என் வீட்டுக்காரர் குனிந்து பெட்டியில் காதை வைத்தார். "சகல, எனக்கு ஒரு மண்ணும் கேக்கல. உங்களுக்கு மட்டும் தனி லைன் குடுத்திருக்கா?"

"வேன் ஓட்டி ஓட்டி உங்க காது மழுங்கிப்போச்சு. சின்னவளே, நீ வந்து கேளு."

நானும் மண்டியிட்டுக் காதை வைத்தேன். கன்னத்தில் மரம் சில்லென்று இருந்தது. வேறொன்றும் இல்லை. அவர் சொல்வதை நான் என்றைக்கும் மறுத்ததில்லை. என் காதில்தான் ஏதோ குறை என்று நினைத்து இன்னும் அழுத்தி வைத்தேன். பெட்டிக்குள் ஒரு மூச்சுகூட இல்லை.

எனக்கு ஏன் அப்படிச் செய்யத் தோன்றியது என்று தெரியவில்லை. கடவுள்தான் கையை நீட்ட வைத்தார் என்று நினைக்கிறேன். சுவரிலிருந்து பிளக்கைச் சத்தமில்லாமல் பிடுங்கினேன். பெட்டியின் விளக்கு அணைந்தது.

"இப்ப, அத்தான்?"

அவர் கண்ணைத் திறக்கவில்லை. "இப்பத்தான் இன்னும் நல்லா வருது" என்றார்.

சிரிக்க வாயைத் திறந்த என் வீட்டுக்காரர் திறந்த வாயோடு என்னைப் பார்த்தார். அத்தான் கண்ணைத் திறந்தார். அணைந்த விளக்கைப் பார்த்தார். பிறகு என் கையில் இருந்த பிளக்கைப் பார்த்தார். விரல் மட்டும் பின்மேல் இருந்தபடியே இருந்தது.

"பிடுங்கிட்டியா?"

"ஆமா அத்தான்."

"எப்ப?"

அவர் வயரைக் கீழே வைத்தார். பெட்டிமேல் கையூன்றி எழப் பார்த்தவர் எழ முடியாமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். என் வீட்டுக்காரர் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். ஓட்டை வாய் என்று பெயர் வாங்கிய மனிதர் அன்று ஒரு வார்த்தை பேசவில்லை.

அத்தான் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். ஏழெட்டு மாதமாக வலது காது, தண்ணீருக்குள் முங்கிய மாதிரி அடைத்துக்கொள்கிறதாம். சில நாள் எழுந்ததும் சுவரெல்லாம் சுற்றுகிறதாம். ஓர் இரைச்சல் வந்தது. போகும் போகும் என்று இருந்தார், போகவில்லை. பழகிவிட்டது. எந்நேரமும் அது இருக்கிறது என்பதே மறந்துபோய்விட்டது. ஆனால் பின்மேல் விரலை வைத்து, முனகல் வருகிறதா என்று காது தேடும்போது அதுதான் முன்னால் வந்து நிற்கிறது.

"மூணு வீட்ல பெட்டி நல்லாருக்கு, உங்க டிவிதான் போச்சுன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்," என்றார். "ஒரு டீச்சரம்மா டிவியையே மாத்திட்டாங்க. புது டிவிலயும் சத்தம் வரலன்னு சொன்னாங்க. நான் அவங்களைத்தான் திட்டினேன்."

"டாக்டர்கிட்ட போகலாம் அத்தான். அக்காவையும்..."

"அவகிட்ட சொல்லாத." அவர் என் காலைத் தொடுவதுபோலக் குனிந்தார். நான் பதறிப்போய்ப் பின்னால் நகர்ந்தேன். "மத்த எதுவா இருந்தாலும் சொல்லிடுவேன். இதை மட்டும் எப்படிச் சொல்ல? உங்க அப்பாகிட்ட பட்டதை மறுபடியும் படணுமான்னு அவ பார்க்கிற பார்வையை என்னால தாங்க முடியாது. காது கேக்குதேன்னுதானே என்னைக் கட்டினா?"

"நானா போய்ச் சொல்ல மாட்டேன். ஆனா அக்கா கேட்டா பொய் சொல்ல மாட்டேன்."

"கேக்க மாட்டா," என்றார் அத்தான். "அவளுக்குத் தோணாது."

ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்து, காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். அத்தான் அழுத்தினார். வெளியே இருந்த நர்ஸ், "ஐயா, நான் இன்னும் ஒண்ணுமே போடலையே" என்றாள். மறுபடி அழுத்தினார். அவள் தலையை ஆட்டிவிட்டு எதையோ எழுதினாள். கூண்டுக்குள் அவர் பரீட்சைக்கு வந்த பிள்ளைபோல நிமிர்ந்து உட்கார்ந்திருந்ததை என்னால் பார்க்க முடியவில்லை. கண்ணை மூடி வேண்டிக்கொண்டேன்.

டாக்டர் படம் போட்டுக் காட்டினார். வலது காதில் தடித்த சத்தங்கள் எல்லாம் போய்விட்டன, கீச்சுக் குரல்கள்தான் மிச்சம். போனது திரும்பாது. இடது காதிலும் இதே வியாதி வரலாம். வந்தால் அங்கேயும் தடித்த சத்தம்தான் முதலில் போகும். உப்பைக் குறைக்க வேண்டும், ஏணியில் ஏறக் கூடாது.

"ஊஃபர் ரிப்பேர் பண்ணலாங்களா?" என்று கேட்டார் அத்தான்.

டாக்டர் நல்ல மனிதர். "வேற ஏதாவது செய்யலாமே" என்று மட்டும் சொன்னார்.

வரும் வழியில் ஒரு கடையில் நின்று, அத்தான் தன் வாழ்க்கையிலேயே முதல் மீட்டரை வாங்கினார். நேராக எங்கள் வீட்டுக்கு வந்து ஊஃபரைப் பிரித்தார். மீட்டரின் இரண்டு கம்பிகளையும் எப்படிப் பிடிப்பது என்று அட்டையில் இருந்த படத்தைப் பார்த்துப் பார்த்துப் பிடித்தார். முள் அசையவில்லை. அடித்து அடித்து ஆடுகிற ஸ்பீக்கரின் கருப்பு அட்டைக்குப் போகும் சடைபோட்ட மெல்லிய கம்பி, ஒட்டும் இடத்தில் உள்ளுக்குள் அறுந்து வெறும் நூலாக நின்றது. வெளியே பார்த்தால் முழுசாகத்தான் தெரிந்தது. ஈயம் வைத்துப் பற்றவைத்தார்.

பெட்டி பேசியது. தரை அதிர்ந்தது, ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. அத்தான் பெட்டியைப் பார்க்கவில்லை, எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வருதா?"

"வருது சகல," என்றார் என் வீட்டுக்காரர். "நிறுத்துங்க, வீடு இடிஞ்சிடப் போகுது." சொல்லிவிட்டுப் பின்கட்டுக்குப் போய்விட்டார். அவர் மூக்கைச் சிந்துகிற சத்தம் எனக்குக் கேட்டது.

அதன் பிறகு அந்த மூன்று வீட்டுக்கும் போனோம். அத்தான் மீட்டர் வைப்பார், வேலை முடிந்ததும் நான் காதை வைத்துக் கேட்டுச் சொல்வேன். நான் இஸ்திரிக் கடையில் வேலைக்குப் போகிறவள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கிளம்பி ஓடிவருவேன். இரண்டு வீட்டில் பெட்டி சரியானது. டீச்சரம்மா கதவுச் சங்கிலியைக்கூட எடுக்கவில்லை. "போதும், நீங்க பண்ணின ரிப்பேர் போதும்" என்று இடுக்கு வழியாகச் சொன்னார். அத்தானின் வலது காது கதவுப் பக்கம் இருந்ததால் அது சரியாகக் கேட்கவில்லை. "என்னம்மா?" என்று இன்னும் பணிவாகக் கேட்டார். கதவு சாத்திக்கொண்டது. நான் அவர் கையைப் பிடித்துப் படியிறக்கிக் கூட்டிவந்தேன்.

அக்கா கேட்கவே மாட்டாள் என்று அத்தான் நினைத்தது தப்பு. அவள் ஒரு மாலை என் வீட்டுக்கு வந்தாள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். எதிரில் உட்கார்ந்து அவளும் ஒரு துணியை எடுத்து மடித்தாள்.

"உங்க அத்தான் நாலஞ்சு மாசமா எதை வெச்சாலும் உப்பு ஜாஸ்திங்கிறார். நான் உப்பே போடாம வெச்சேன். அதுக்கும் ஜாஸ்திங்கிறார்."

நான் அடுத்த துணியை எடுத்து உதறினேன்.

"என்னைத் தன் இடது பக்கமாவே உக்கார வைக்கிறார். அடுப்படியில இருந்து கூப்பிட்டா வர்றதில்ல. ஒருநாள் பின்னாடி நின்னு, 'நீங்க ஒரு முட்டாள்'னு சொல்லிப் பார்த்தேன். பேசாம செய்தி படிச்சிட்டு இருந்தார்." மடித்த துணியை மடியில் வைத்துக்கொண்டாள். "காது போச்சா?"

பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "ஆமாக்கா. வலது காது."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"மழைக்காலத்துல."

"மழைக்காலம்," என்றாள் அக்கா. விரலை மடக்கி எண்ணினாள். "அஞ்சு மாசம். உன் வீட்டுக்காரருக்கும் தெரியுமா?"

"தெரியும்."

"அந்த ஓட்டை வாய்க்குத் தெரியும். எனக்குத் தெரியாது."

"அக்கா, அத்தான் பயந்துட்டார். அப்பாகிட்ட நீ பட்ட கஷ்டத்தை..."

"அப்பாகிட்ட கஷ்டப்பட்டேன்னு யாரு சொன்னா?" அவள் குரல் உயர்ந்தது. இருபத்தாறு வருடத்துக்குப் பிறகு அந்தப் பழைய குரலைக் கேட்டேன், கரகரவென்று சுவரிலெல்லாம் பட்டுத் திரும்பியது. "அப்பா தனக்குக் காது கேக்கலன்னு என்கிட்ட சொன்னார். முதல்ல என்கிட்டதான் சொன்னார். ஒன்பது வயசுப் பிள்ளைகிட்ட! இவர் ஊரெல்லாம் சொல்லிட்டு என்னை வெளியில நிறுத்தியிருக்கார்."

மடித்த துணியை என் அடுக்கின்மேல் சரியாக வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

நான்காம் நாள் மதியம் அத்தான் இஸ்திரிக் கடை வாசலில் வந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது. சட்டைப் பட்டன் மாறிப் போட்டிருந்தார். முதலாளியிடம் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

"இடது காதும் போச்சு சின்னவளே."

"நான் பேசுறது கேக்குதே அத்தான்?"

"கேக்குது. நீ பேசுறது கேக்குது, பஸ்ஸு ஹாரன் கேக்குது, குக்கர் விசில் கேக்குது. உங்க அக்கா பேசுறது மட்டும் கேக்கல." இடது காதைத் தட்டிக் காட்டினார். "டாக்டர் சொன்னாரே, தடிச்ச சத்தம்தான் முதல்ல போகும்னு. அவ குரல் அடிக்குரல்தானே? அது மட்டும் போயிடுச்சு. மூணு நாளா அவ பக்கத்துலயே உக்காந்து பார்க்கிறேன். அவ திரும்பித் திரும்பி வேலை செய்யுறா, உதடு எனக்குத் தெரியல. பேசினியான்னு கேக்கப் பயமா இருக்கு. கேட்டா கண்டுபிடிச்சிடுவாளே."

கடைக்குள் இஸ்திரிப் பெட்டிகளின் ஆவி புஸ்புஸ் என்று வந்துகொண்டிருந்தது. கடவுளே, இதையும் நான்தான் சொல்ல வேண்டுமா என்று மனசு கெஞ்சியது.

"உங்க காது போகல அத்தான்."

"பின்ன?"

"அக்கா பேசல. அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு. வந்து கேட்டா, நான் பொய் சொல்லல. அன்னிலேர்ந்து அவ உங்ககிட்ட வாயே திறக்கல போலிருக்கு."

அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அவர் முகம் தெளிந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

"பேசலையா? பேசவே இல்லையா?"

"இல்ல அத்தான்."

"அப்ப கோவம்தான்." கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நல்லவேளை. கோவம்தானே. நான் பயந்தே போயிட்டேன்."

கோபம் எவ்வளவு பெரியது, எதற்காக வந்தது என்று சொல்ல நினைத்தேன். அவர் கேட்க நிற்கவில்லை. சாலையைக் கடக்கும்போது வலது பக்கம் வந்த சைக்கிளைக் கவனிக்காமல், அந்தப் பையனிடம் திட்டு வாங்கிக்கொண்டே போனார்.

இது நடந்து இன்றோடு பன்னிரண்டு நாள் ஆகிறது. நேற்றும் அக்கா வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். கடை பூட்டிக் கிடந்தது. அக்கா தட்டை வைத்தாள், தண்ணீர் வைத்தாள், மாத்திரையை உறை பிரித்து வைத்தாள். சாப்பாட்டில் உப்பு இல்லை. என்னிடம் இரண்டு வார்த்தை பேசினாள், அவரிடம் ஒன்றும் இல்லை. அத்தான் அடுப்படி நிலைப்படியில் முக்காலி போட்டு, இடது காதை அவள் பக்கம் திருப்பி உட்கார்ந்திருந்தார். அவள் எப்போது ஆரம்பித்தாலும் முதல் வார்த்தை தப்பிப் போய்விடக் கூடாதே என்று பகல் முழுக்க அங்கேயே உட்கார்ந்திருக்கிறாராம். பாத்திரம் உருளும்போதெல்லாம், "என்ன சொன்ன?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.